இடப்பக்கத்துக் கோரைப்பல்

1. கோழி பிடிக்கிற மாதிரி

கிளினிக்கில் என் முதல் நாளே பூனை என்னைக் கடித்தது. தப்பு பூனை மேல் இல்லை. டாக்டரம்மா "பிடிங்க" என்றார். நான் கோழியைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தேன். அது திரும்பி என் கட்டைவிரலில் நாலு ஓட்டை போட்டுவிட்டு அலமாரி மேல் ஏறிக்கொண்டது.

"வலிக்குதுங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இல்லைங்க."

"நீங்க இல்லைங்கறீங்க. தரை ஆமாங்குதே."

கீழே பார்த்தேன். ரத்தம் சொட்டு சொட்டாக விழுந்திருந்தது. அன்றைக்கே அவர் என்னை ஊசி போட்டுக்கொள்ள ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நானாகப் போய்க் கேட்டிருக்க மாட்டேன்.

எனக்கு வாய் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அஞ்சாவது வரைக்கும் படித்தேன்; வாத்தியார் கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தாலும் எழுந்து சொன்னதில்லை. அதற்கப்புறம் கொலுசுப் பட்டறையில் இருபது வருசத்துக்கு மேல் கண்ணி கோர்த்துப் பற்றவைக்கிற வேலை. அதில் பேச வேண்டியதே இல்லை, கண்ணும் விரலும் இருந்தால் போதும். நெருப்பு ஊதி ஊதி நெஞ்சு ஒத்துக்கொள்ளாமல் போன பிறகுதான் அஸ்தம்பட்டியில் இந்த நாய் பூனை கிளினிக்குக்கு வந்தேன். கூட்டித் துடைக்க வந்தவள். பூனை பிடிக்கிற ஆள் நின்றுபோனதால் அதுவும் என் தலையில் வந்தது.

இப்போது இரண்டு பெண்கள் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். "பல்லு அடிபட்ட பூனைய எப்படிப் பார்க்கறதுன்னு இவங்களுக்குச் சொல்லுங்க பழனியம்மா" என்றார் டாக்டரம்மா. நான் எழுதித் தருகிறேன் என்றேன். எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. எழுத்துப் பிழை இருந்தால் அவர் திருத்திக்கொள்வார்.

2. துண்டும் விரலும்

முதலில் பிடிக்கிற விதம். பெரிய டர்க்கி துண்டை மேஜையில் விரித்து, பூனையை நடுவில் உட்காரவைத்து, கழுத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் இழுத்துச் சுற்ற வேண்டும். குழந்தையைத் துணியில் சுற்றுகிற மாதிரி. நாலு காலும் உள்ளே போய்விட வேண்டும். தலை மட்டும் வெளியே. இறுக்கிவிடக் கூடாது, மூச்சு விட இடம் வேண்டும். பிடிக்கிறவர் பூனைக்குப் பின்னால் நின்று தலையைப் பின்னாலிருந்து தாங்க வேண்டும். தாடையை அமுக்கவே கூடாது. விழுந்த பூனைக்குத் தாடை எலும்பு விட்டிருந்தாலும் விட்டிருக்கும்.

அடுத்தது, பல் வலிக்கிற பூனை அழாது, கத்தாது. தட்டுக்குப் போகும், மோந்து பார்க்கும், திரும்பி வந்துவிடும். தீனியை வாயில் எடுத்துக் கீழே போடும். தலையை ஒரு பக்கம் சாய்த்து மெல்லும். மெல்லாமல் முழுங்கும். எச்சில் ஒழுகும். உடம்பை நக்கிச் சுத்தம் செய்யாது, முடி திரித்திரியாகக் கிடக்கும். "சாப்பிடுதுங்க, அதனால வலி இல்லைங்க" என்று வீட்டுக்காரர்கள் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். பசித்தால் வலியோடும் சாப்பிடும்.

கோரைப்பல் என்பது முன்னால் நீளமாக இருக்கிற பல். மேலே இரண்டு, கீழே இரண்டு. நுனி உடைந்தால் உடைந்த இடத்தின் நடுவைப் பார்க்க வேண்டும். வெள்ளையாக இருந்தால் அவ்வளவு பயமில்லை. குண்டூசித் தலை அளவுக்குச் சிவப்புப் புள்ளி இருந்தால் பல்லுக்குள் இருக்கிற நரம்பும் ரத்தமும் வெளியே தெரிகிறது என்று அர்த்தம். அந்த வழியாகக் கிருமி உள்ளே இறங்கும். நாள் ஆனால் அந்தப் புள்ளி கருத்துவிடும். அப்புறம் கண்ணுக்குக் கீழே வீங்கும்.

இதெல்லாம் டாக்டரம்மா சொல்லிக் கொடுத்தது. ஆனால் இதை நான் மறக்க முடியாதபடி தெரிந்துகொண்டது ஒரே ஒரு பூனையிடம்தான். அதன் பெயர் செக்கர்.

3. செக்கர்

செக்கர், கண்டக்டரண்ணன் வளர்க்கிற பூனை. அவர் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். கொண்டப்பநாயக்கன்பட்டியில் எங்கள் தெருவிலேயே வீடு. சம்சாரம் இல்லை, மகள் பெங்களூரில். மாடி வீட்டில் அவரும் பூனையும்தான். யார் வீட்டுக்குள் வந்தாலும் இந்தப் பூனை போய் பை, செருப்பு, பாதம் எல்லாம் மோந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடும். "செக்கிங் இன்ஸ்பெக்டருக்கு முப்பத்து மூணு வருசம் பயந்தேன். இப்ப ஊட்டுலயே ஒண்ணை வச்சுச் சோறு போடறேன்" என்பார். அதனால் அந்தப் பெயர்.

அவருக்கு என்னை நன்றாகத் தெரியும். பட்டறைக்குப் போகிற காலத்தில் அவர் பஸ்ஸில்தான் போவேன். என் ஸ்டாப் வரும்போது "நிறுத்துங்க" என்று சொல்ல எனக்கு வெட்கம். வேறு யாராவது இறங்குகிறார்களா என்று பார்ப்பேன். யாரும் இறங்காவிட்டால் அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடப்பேன். இதைக் கண்டுபிடித்துவிட்டு, அவரே என் ஸ்டாப்பில் விசில் அடிக்க ஆரம்பித்தார். "இந்தம்மா வாயத் தொறந்து கேக்காது, மனு எழுதிக் குடுத்துத்தான் எறங்குமாட்ட இருக்குது" என்பார். பஸ்ஸே சிரிக்கும். நான் தலையைக் குனிந்து இறங்கிவிடுவேன்.

ஒரு திங்கட்கிழமை காலையில் அவர் பிளாஸ்டிக் கூடையோடு கிளினிக்குக்கு ஓடி வந்தார். செக்கர் புறாவைத் துரத்திக்கொண்டு சன்ஷேடிலிருந்து பாய்ந்து, கீழே சிமெண்ட் தொட்டி விளிம்பில் முகம் இடிக்க விழுந்துவிட்டது. மூக்கில் ரத்தம், மோவாய் கிழிந்திருந்தது.

"டாக்டரம்மா, எப்படியாச்சும் பார்த்துருங்க. இது போச்சுன்னா நான் ஊட்டுக்குள்ள போய் யாருகிட்டங்க பேசறது?"

நான் துண்டில் சுற்றிப் பிடித்தேன். டாக்டரம்மா முன்னால் நின்று தாடையைத் தடவிப் பார்த்தார். எலும்பு சரியாக இருந்தது. வலப்பக்கத்து உதட்டைத் தூக்கிப் பார்த்தார், அதுவும் சரி. இடப்பக்கத்தைத் தூக்கப் போகும்போது செக்கர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்துச் சீறியது. என் பக்கத்து உதடு மேலே ஏறியது. ஒரு நொடிதான்.

இடப்பக்கத்து மேல் கோரைப்பல்லில் நுனி இல்லை. உடைந்த இடத்தின் நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி.

இருபது வருசம் கொலுசுக் கண்ணியில் பற்றவைத்தது விட்டுப்போன இடத்தைத் தேடிய கண். கண்ணாடி போட்டிருந்தேன். எனக்குச் சந்தேகமே இல்லை.

அதே நேரம் வெளியே கூச்சல். லாரியில் அடிபட்ட நாயை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். டாக்டரம்மா செக்கருக்கு ஒரு ஊசி போட்டு, மோவாயில் மருந்து தடவி, "மூணு நாள் கழிச்சுக் கொண்டுட்டு வாங்க, வாயை முழுசாப் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு நாயிடம் ஓடினார்.

நான் சொல்லவில்லை. டாக்டருக்குப் படித்தவர் பார்க்காததை நான் பார்த்துவிட்டேனாக்கும் என்று தோன்றியது. நாயின் அவசரம் வேறு. நாய் வேலை முடிந்த பிறகாவது சொல்லியிருக்கலாம். டீ குடிக்கும்போது சொல்லியிருக்கலாம். சாயங்காலம் கதவைப் பூட்டும்போதும் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "வாரேங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

4. பஸ் ஸ்டாப்பில்

மூன்று நாள் கழித்து அவர் வரவில்லை. நாலாம் நாளும் வரவில்லை. அன்று சாயங்காலம் நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஸ்டாப்பில் நின்றிருந்தார்.

"ஏனுங்கண்ணா, பூனைய கொண்டுட்டு வரலீங்களா?"

"நல்லாத்தான் இருக்குதும்மா. சோறு தின்னுது. ஆனா மெல்லாம முழுங்குது. வாயில நாத்தம் வருது. நேத்திலிருந்து எச்சி ஒழுகுது. நாளைக்கு நாளான்னிக்கு கொண்டுட்டு வாரேன்."

எனக்கு அந்தப் புள்ளி ஞாபகம் வந்தது. "பல்லு உடைஞ்சிருக்குதுங்க, நாளைக்குக் காலையிலயே வாங்க" என்று சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். ஆனால் அதைச் சொன்னால், ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்பார். அதனால் வேறு ஒன்று செய்தேன்.

பட்டறையில் எங்களுக்கு ஒரு பழக்கம். நெருப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால் தலைவலி வராத நாள் இல்லை. டீயோடு ஆளுக்குப் பாதி பாராசிட்டமால் போட்டுக்கொள்வோம். பல்வலிக்கும் அதேதான், இடுப்பு வலிக்கும் அதேதான். ஒருத்தி அட்டையை எடுத்தால் மற்றவளுக்குப் பாதி உடைத்துக் கொடுப்பாள். வேலையை விட்டும் அந்த அட்டை என் பர்ஸை விட்டுப் போகவில்லை.

அதை எடுத்தேன். ஒரு மாத்திரையைப் பாதியாக்கி, அந்தப் பாதியை நகத்தால் இரண்டாக்கி, காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன்.

"இப்ப ஒண்ணு, காலையில ஒண்ணு, மீன்ல வச்சுக் குடுங்க. வலி குறையும்."

"பரவால்லியே, டாக்டரம்மாகிட்ட இருந்து இருந்து நீயும் பாதி டாக்டர் ஆயிட்டே!"

எனக்கு அது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

5. ஈறு

மறுநாள் பத்து மணி இருக்கும். கண்டக்டரண்ணன் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வழக்கமாக வாசலிலேயே "ரைட், ரைட், வழி விடுங்க" என்று சத்தம் போடுகிறவர், அன்று ஒரு பேச்சும் பேசவில்லை.

செக்கர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. முகம் வீங்கியிருந்தது. முன்னங்கால் பாதம் இரண்டும் பொம்மென்று இருந்தன. துண்டில் சுற்றவே வேண்டியிருக்கவில்லை, அது எதிர்க்கவில்லை.

டாக்டரம்மா உதட்டைத் தூக்கினார். பூனை ஈறு ரோஸ் நிறத்தில் இருக்க வேண்டும். அது பால் விடாத வறக்காப்பி நிறத்தில் இருந்தது.

"என்ன தின்னுச்சு? என்ன குடுத்தீங்க?"

"ஒண்ணும் குடுக்கலீங்க."

"வெங்காயம் போட்ட குழம்பு ஏதாவது? எலி மருந்து? வெளிய போச்சா, பூச்சி பொட்டு கடிச்சுதா?"

"ஊட்டை விட்டு வெளிய போகலீங்க டாக்டரம்மா. ஒண்ணும் குடுக்கலீங்க."

அப்படிச் சொல்லும்போது அவர் ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தார். உடனே கண்ணை எடுத்துவிட்டார். எனக்குப் புரிந்துவிட்டது. என் வேலை போய்விடக் கூடாது என்று மறைக்கிறார். அன்றைக்கு என் ஸ்டாப்பில் விசில் அடித்த மாதிரி, இதையும் எனக்காகவே செய்கிறார்.

மாத்திரைதான் காரணம் என்று எனக்கு அப்போது தெரியாது. மனுசருக்கு நல்லது செய்கிற மாத்திரை பூனைக்கு விஷமாகும் என்று யார் நினைப்பார்கள்? ஆனால் டாக்டரம்மா "என்னன்னு தெரியாம நான் எந்த மருந்தைங்க போடறது? மூச்சு போயிட்டே இருக்கு" என்றார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். அவரும் கண்டக்டரண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்து நின்றார்கள். பூனை தலை என் உள்ளங்கையில் இருந்தது. அது ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்தை நீட்டியது.

"நான்தாங்க குடுத்தேன்" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"என்ன குடுத்தீங்க?"

"பாராசிட்டமாலுங்க. காய்ச்சல் மாத்திரை. கால் துண்டு. நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு."

"ஒண்ணுதானா?"

அப்போதுதான் கண்டக்டரண்ணன் வாயைத் திறந்தார். "காலையில ஆறு மணிக்கு இன்னொரு கால் துண்டு நான் குடுத்தேனுங்க. அந்தம்மா மடிச்சுக் குடுத்த ரெண்டாவது துண்டு. பாவம், அந்தம்மா வேலைக்கு உலை வச்சிரக் கூடாதுன்னு சொல்லாம இருந்துட்டேன்."

டாக்டரம்மா யாரையும் திட்டவில்லை. திட்ட நேரமில்லை. முகத்துக்கு ஆக்சிஜன் வைத்தார். அலமாரியைத் திறந்து ஒரு ஊசி மருந்தை எடுத்தார். அந்த மாத்திரை விஷத்துக்கு மாற்று மருந்து இருக்கிறதாம், அசிட்டைல்சிஸ்டைன் என்று பெயர். மனுசருக்குச் சளி கரைக்கவும் கொடுப்பது. கிளினிக்கில் ஒன்றுதான் இருந்தது. ஒரு சீட்டில் எழுதி என்னிடம் நீட்டினார். "மெயின் ரோட்டு மெடிக்கல்ல இருக்கும். ஓடுங்க."

மெடிக்கல் கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நான் எப்போதும் எல்லாரும் வாங்கிப் போன பிறகுதான் கையை நீட்டுவேன். அன்றைக்குச் சீட்டைத் தலைக்கு மேல் தூக்கினேன்.

"ஏனுங்க, எனக்கு முதல்ல குடுங்க! ஒரு உசுரு போயிட்டிருக்குதுங்க!"

எல்லாரும் விலகினார்கள். கடைக்காரர் ஓடிப்போய் எடுத்து வந்தார். "யாருக்குங்கம்மா?" என்று ஒரு பெண் பாவமாகக் கேட்டாள்.

"பூனைக்குங்க" என்று சொல்லிவிட்டு ஓடினேன். பின்னால் யாரோ சிரித்தது காதில் விழுந்தது. நான் நிற்கவில்லை.

6. இடப்பக்கம்?

செக்கர் இரண்டு நாள் கூண்டிலேயே டிரிப்பில் கிடந்தது. கண்டக்டரண்ணன் ஸ்டூல் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் அவருக்கு டீ வைத்தேன். அவர் குடித்தார்.

மூன்றாம் நாள் காலையில் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். காப்பி நிறம் வெளுத்து, ஓரத்தில் லேசாக ரோஸ் தெரிந்தது. மத்தியானம் அது எழுந்து டிரிப் டியூபை மோந்து பார்த்தது. அப்புறம் என் கையை மோந்து பார்த்தது.

"பாருங்க டாக்டரம்மா, செக்கிங் ஆரம்பிச்சிருச்சு!" என்று கண்டக்டரண்ணன் கத்தினார். கத்திவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

என் விசாரணை அதற்கப்புறம்தான். டாக்டரம்மா என்னை உள்ளே கூப்பிட்டார். சேலை முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். வேலை போனது என்றே நினைத்தேன்.

"மாத்திரை ஏன் குடுத்தீங்க?"

"பல்லு வலிக்குமேன்னுங்க."

"பல்லு வலிக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அப்போது சொன்னேன். திங்கட்கிழமை பார்த்தது, சிவப்புப் புள்ளி, சொல்லாமல் விட்டது, சொல்லாமல் விட்டதை மறைக்க மாத்திரை கொடுத்தது, எல்லாம். என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை.

அவர் நேராகச் செக்கரிடம் போய் இடப்பக்கத்து உதட்டைத் தூக்கினார். புள்ளி கருத்திருந்தது.

"நானும் ரெண்டு பக்கமும் பார்க்காம விட்டிருக்கக் கூடாது. இது என் தப்பு. ஆனா நான் முன்னாடி நிக்கறேன், நீங்க பின்னாடி நிக்கறீங்க. எனக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியும். அதைச் சொல்லலைன்னா நான் பாதிப் பூனையத்தான் பார்க்கறேன். மருந்து குடுக்கறது உங்க வேலை இல்லை. பார்த்ததைச் சொல்றது உங்க வேலை. இன்னொரு தடவை மாத்திரையத் தொட்டீங்கன்னா நிஜமாவே அனுப்பிருவேன்."

பத்து நாள் கழித்து, உடம்பு தேறிய பிறகு, மயக்கம் கொடுத்து அந்தப் பல்லை எடுத்தார். பூனைக் கோரைப்பல்லுக்கு வேர் பெரிது. வெளியே தெரிவதைவிட உள்ளே இருப்பது நீளம். ஈறைத் திறந்து மெதுவாக எடுத்துத் தையல் போட வேண்டும். இரண்டு வாரம் மிருதுவான சாப்பாடு. இப்போது செக்கர் மூன்று கோரைப்பல்லோடு நன்றாக இருக்கிறது. அதற்குப் புறாவைத்தான் மறக்க முடியவில்லை. கண்டக்டரண்ணன் சன்ஷேடுக்கு வலை போட்டுவிட்டார்.

அன்றிலிருந்து டாக்டரம்மா ஒரு வழக்கம் வைத்தார். எந்தப் பூனை வந்தாலும், பல்லுக்கு வந்தாலும் பேனுக்கு வந்தாலும், நான் பிடித்திருக்கும்போது "இடப்பக்கம்?" என்று கேட்பார். நான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒன்றும் இல்லாவிட்டால் "ஒண்ணுமில்லைங்க" என்றாவது சத்தமாகச் சொல்ல வேண்டும். முதலில் எனக்குக் காது சூடாகிவிடும், வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். போகப் போகப் பழகிவிட்டது.

போன மாதம் ஒரு நாள் கிளினிக் நிறையக் கூட்டம். தடுப்பூசிக்கு ஒரு வெள்ளைப் பூனை வந்தது. வீட்டுக்காரப் பெண் "நல்லாச் சாப்பிடுதுங்க, ஒரு குறையும் இல்லைங்க" என்றாள். டாக்டரம்மா ஊசியில் மருந்து ஏற்றிவிட்டார். அவசரத்தில் என்னைக் கேட்க மறந்துவிட்டார். அவரிடம் கேள்வி வரவில்லை, நான் சும்மா இருந்திருக்கலாம்.

"அம்மா, இடப்பக்கம்" என்றேன்.

அவர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு வந்து உதட்டைத் தூக்கினார். மேல் கோரைப்பல்லில் நுனி இல்லை. நடுவில் சிவப்பாகக் குண்டூசித் தலை அளவு.

புதிதாக வந்திருக்கிற பெண்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். மாத்திரை அட்டை இன்னும் என் பர்ஸில் இருக்கிறது, தலைவலி என்னை விடவில்லை. அதன் பின்பக்கம் காகிதம் ஒட்டி, "எனக்கு மட்டும்" என்று எழுதி வைத்திருக்கிறேன். தெரியாத மருந்தை எந்தப் பூனைக்கும் கொடுக்காதீர்கள். பார்த்ததை அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நீங்கள் பார்த்தது தப்பாக இருந்தால் டாக்டரம்மா இன்னொரு தடவை பார்ப்பார், அவ்வளவுதான் ஆகும். சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நான் கையில் பிடித்துப் பார்த்துவிட்டேன்.